நல்லடக்கச் சங்கத்தின் தேவை

இரும்புலியூர் நல்லடக்கச் சங்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு தேவை. ஒரு தள்ளுவண்டி.

பழைய வண்டியின் அச்சு, எழுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், ஜி.எஸ்.டி. ரோட்டின் நடுவே முறிந்தது. வண்டியில் ஆள் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாளே ரயிலில் அடிபட்டு இறந்துபோயிருந்தார். தள்ளிக்கொண்டு வந்தவர்கள்தான் பின்னால் வந்த லாரிக்காரர்களிடம் வசவு வாங்கினார்கள்.

சங்கம் என்றால் நான்கு பேர். செயலாளர் வேதசிரோமணி, தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் குமாஸ்தா. யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாத மனிதர். துரை ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தான். பொன்னுரங்கம் தண்டவாளத்தில் ஜல்லி தள்ளும் கூலியாள், பேச்சு குறைவு. கங்கம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவள். இறந்தது பெண்ணாக இருந்தால் அவள்தான் குளிப்பாட்டித் துணி சுற்றுவாள்.

இவர்கள் சேர்ந்ததற்கு ஒரு பிணம்தான் காரணம். சில வருஷங்களுக்கு முன் தண்டவாளத்து ஓரம் ஒருவர் செத்துக் கிடந்தார். தலை ஒரு இலாகாவின் நிலத்திலும் கால் இன்னொரு இலாகாவின் நிலத்திலும் இருந்தபடியால், யார் எடுப்பது என்று இரண்டு தரப்பும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேதசிரோமணி அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனார், வந்தார். மறுநாளும் போனார், வந்தார். சாயங்காலம் மனைவி ஜெயசீலி கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போய் ஏதாவது பண்ணிட்டு வந்து குடிங்க. இப்படி உக்காந்திருந்தா எனக்கும்தான் தொண்டையில இறங்கல" என்றாள் அவள்.

மண்வெட்டியோடு கிளம்பினார். வழியில் பார்த்த துரை, "எங்க சார் மம்புட்டியோட?" என்று கேட்டான். விஷயம் தெரிந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கூட வந்தான். அன்றிலிருந்து, கேட்பாரற்ற பிணம் எங்கே கிடந்தாலும் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து துரை கடையில் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. ஏரிக்கரைப் புறம்போக்கில் குழி தோண்டுவார்கள். வேதசிரோமணி மெதுவான குரலில் ஜெபம் சொல்வார். கங்கம்மா கற்பூரம் ஏற்றுவாள். இறந்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாரோ தெரியாது, எதற்கும் இரண்டும் இருக்கட்டும் என்பது அவர்கள் முடிவு.

வண்டி போனபின் மூங்கில் பாடைதான் கதி. பெருங்களத்தூரிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் தோளில் தூக்கி வருவது லேசான காரியமில்லை. வேதசிரோமணியின் தோள் வீங்கிக் கன்றிப்போய், சட்டை பட்டாலே எரிந்தது. ஒருநாள் சேற்றில் பொன்னுரங்கம் வழுக்கி விழ, பாடை சரிந்து, ஒரு கிழவர் முகம் குப்புறச் சேற்றில் விழுந்தார். கங்கம்மா ஓடிப்போய் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "மன்னிச்சிக்கோ நைனா. உயிரோட இருக்கசொல்லோ எவன் தள்ளினானோ, செத்தப்புறம் நாங்க வேற தள்ளிட்டோம்" என்று அழுதாள்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் ஒரு வழி சொன்னார். சைதாப்பேட்டையில் மாடிக் கட்டடத்தில், சமூக மற்றும் தன்னார்வக் குழுக்களின் ஆதரவுத் தேவைகளை மதிப்பிடும் மையம் என்று ஒன்று இருக்கிறதாம். வேதசிரோமணி அன்றே ஒரு வெள்ளைத்தாளில், 'ஐயா, எங்களுக்கு ஒரு தள்ளுவண்டி வேண்டும்' என்று எழுதி அனுப்பினார். அவர் செய்த முதல் தவறு அது.

மையத்திலிருந்து ஜீப்பில் மதிப்பீட்டு அலுவலர் தோத்தாத்ரி வந்து இறங்கினார். நல்ல மனிதர், டீக்கடை பெஞ்சைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மிஸ்டர் வேதசிரோமணி, உங்க லெட்டரைப் பார்த்து டைரக்டர் ரொம்ப வருத்தப்பட்டார்."

"ஐயையோ, ஏன் சார்?"

"எடுத்த எடுப்பிலே வண்டி கேட்டிருக்கீங்க. வண்டிங்கறது தேவை இல்லை, அது பொருள். தேவைங்கறது உள்ளே ஆழத்திலே இருக்கும். அது உள்ளவங்களுக்கே தெரியாது. தெரிஞ்சுட்டா அது உண்மையான தேவையே இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்க இருக்கோம்."

"எனக்கு நல்லா தெரியுமே சார். ஒரு வண்டி, ரெண்டு சக்கரம்..." என்று துரை ஆரம்பித்தான்.

"பார்த்தீங்களா" என்றார் தோத்தாத்ரி பரிவோடு. உறுப்பினர்களுக்குத் தங்கள் தேவை தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார். "சரி, பயனாளிகளைப் பத்திச் சொல்லுங்க. தொழில்? மாத வருமானம்?"

வேதசிரோமணி தயங்கினார். "அவங்க உயிரோட இல்லைங்களே சார்."

"தற்சமயம் வருமானம் இல்லை. பரவாயில்லை, அதுக்கு ஒரு பத்தி இருக்கு. உங்க சேவையைப் பத்தி அவங்க புகார் சொன்னதுண்டா?"

"இல்லைங்க சார்."

"ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட இல்லை சார்."

தோத்தாத்ரி பேனாவை நிறுத்திவிட்டு அவரை மரியாதையோடு பார்த்தார். "ஒரு தடவை உதவி வாங்கினவங்க மறுபடி மறுபடி வந்து நிக்கறாங்களா?"

"யாரும் திரும்பி வந்ததில்லை சார்."

"அற்புதம்! இந்த ஜில்லா பூரா சுத்தியிருக்கேன். வாங்கிப் பழகின ஜனம் வாசலை விட்டு நகராது. நீங்க மட்டும்தான் பயனாளிகளைச் சொந்தக் காலிலே நிக்க வச்சிருக்கீங்க."

ஒரு குறை மட்டும் அவருக்குத் தென்பட்டது. ஜெபமும் கற்பூரமும் சேர்ந்து நடப்பது, ஒரே பயனாளிக்கு ஒரே சேவையை இரண்டு முறை வழங்குவதாகும் என்றார். போகும்போது, சங்கத்தின் உண்மையான தேவையை வெளியே கொண்டுவர ஒரு பயிற்சி முகாம் அவசியம் என்றும், நான்கு பேரும் வராவிட்டால் மனு தள்ளுபடி ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முகாம் கூடுவாஞ்சேரியில் ஒரு மாந்தோப்பு பங்களாவில் நடந்தது. தாம்பரம் வட்டாரத்துக் குழுக்கள் எல்லாம் வந்திருந்தன. கிணற்றுக்குக் கயிறு கேட்டவர்கள், பாலர் பள்ளிக்குக் கூரை கேட்டவர்கள், எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்காரவைக்கப்பட்டார்கள். துணை இயக்குநர் சரோஜினி கைத்தறிப் புடவையில் வந்து பேசினார்.

"எங்க மையம் ஆரம்பிச்சதிலிருந்து இன்னிக்கு வரைக்கும், ஒரு குழுவுக்குக்கூட பொருளைக் கொடுத்து அதோட தன்மானத்தைக் கெடுத்ததில்லை. எங்களுக்கு வர்ற பணம் அத்தனையும் உங்களைப் புரிஞ்சுக்கறதுக்கே செலவாகுது. இப்படி உங்களைப் புரிஞ்சுக்க ஆசைப்படற இன்னொரு ஸ்தாபனத்தைக் காட்டுங்க பார்ப்போம்!"

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

பிறகு ஆளுக்கொரு சாக்குக்கட்டி கொடுத்து, மனதில் இருக்கும் தேவையைத் தரையில் வரையச் சொன்னார்கள். வேதசிரோமணி நீண்ட நேரம் யோசித்து ஒரு தள்ளுவண்டி வரைந்தார். சரோஜினி குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு ஆழமான சித்திரம்! சக்கரம்னா முன்னேற்றம். கைப்பிடின்னா தலைமைப் பண்பு. வண்டி காலியா இருக்கு பாருங்க, அதுதான் உங்க மனசிலே இருக்கிற தயக்கம். உங்களுக்குத் தேவை தலைமைப் பண்பு."

"இல்லைங்கம்மா, இது வண்டி" என்றார் வேதசிரோமணி.

"நீங்க அப்படி நினைக்கறீங்க" என்றார் சரோஜினி கனிவாக.

மத்தியானம் துரையின் மைத்துனன் மூச்சிரைக்க சைக்கிளில் வந்தான். வண்டலூர் பக்கம் தண்டவாள ஓரத்தில் ஒரு பெண், காலையிலிருந்து கிடக்கிறாள், மேலே துணி சரியாக இல்லை, ஆட்கள் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கங்கம்மா உடனே எழுந்தாள். தோத்தாத்ரி குறுக்கே வந்தார்.

"அம்மா, அடுத்தது நம்பிக்கை விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிக்கணும். முக்கியமான பாடம். பாதியிலே போனா உங்க சங்கத்துக்கு மார்க் குறையும்."

"அங்க ஒரு பொம்பள துணியில்லாம கெடக்குறா சார்."

"அது சேவை. இது சேவைக்கான தேவை. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது."

"நீ இன்னா சார் பேசுற!" என்று கங்கம்மா அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். ரோட்டில் ஓடி பஸ்ஸைப் பிடித்தாள். தன் மேல் இருந்த சேலையில் பாதியைக் கிழித்துத்தான் அன்று அந்தப் பெண்ணை மூடினாள் என்று பிறகு தெரிந்தது. ஆண்கள் மூவரும் மனு தோற்றுவிடக் கூடாது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடினார்கள். பொன்னுரங்கம் கீழே விழுந்தான். அவனைத் தாங்க வேண்டியவள் கங்கம்மா. வேதசிரோமணிக்குக் கட்டிய கண்ணுக்குள் நீர் நின்றது. பெண் உறுப்பினரின் ஈடுபாடு போதாது என்று அறிக்கையில் ஏறியது.

அடுத்த கட்டம் நேரடிப் பார்வை. குறித்த தேதியில், காலை பத்து மணிக்கு, சங்கம் தன் சேவையைப் பயனாளியோடு செய்து காட்ட வேண்டும். வேதசிரோமணி அந்தத் தேதியை நினைத்து நினைத்துச் சோறு தின்னாமல் கிடந்தார். யாராவது சாக வேண்டும் என்று வேண்டுவதா, வேண்டாமலிருப்பதா? வேண்டாமல் இருந்தார். யாரும் சாகவில்லை.

தோத்தாத்ரி இறங்கியதும் சுற்றிலும் பார்த்தார். "பயனாளி எங்கே?"

"இன்னைக்கு யாரும் இல்லைங்க சார்."

"முன்கூட்டியே தகவல் கொடுத்தும் பயனாளிகளை ஒருங்கிணைக்கலையா? இந்த ஒரு குறையிலேயே மனு போயிடும் மிஸ்டர் வேதசிரோமணி."

வேதசிரோமணியின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்து துரை முன்னால் வந்தான். "நா படுத்துக்குறேன் சார். இன்னா இப்போ?"

"வேண்டாம் துரை."

"உடு சார். ஒரு வண்டிக்கோசரம் இவ்ளோ தூரம் வந்தாச்சி."

துரை பாடையில் படுத்தான். கங்கம்மா தலையில் அடித்துக்கொண்டே துணி போர்த்தினாள். அவன் இடத்துக்கு சைக்கிள் கடைக்காரன் சேட்டு தோள் கொடுத்தான். வெயிலில் ஏரிக்கரை வரை தூக்கிப்போனார்கள். துரையின் மனைவி தகவல் எதுவும் தெரியாமல் எதிரே வந்தவள், அதைப் பார்த்து அலறிக்கொண்டு ரோட்டிலேயே மயங்கி விழுந்தாள். தோத்தாத்ரி அதை, 'சமூகத்தின் உணர்வுபூர்வமான பங்கேற்பு' என்று குறித்துக்கொண்டார். ஏரிக்கரையில் பாடையை இறக்கியதும் குனிந்து, துணியை விலக்கிக் கேட்டார்.

"சேவை எப்படி இருந்தது?"

"ரொம்ப குலுங்குது சார். வண்டி இருந்தா நல்லாயிருக்கும்" என்றான் துரை.

வேதசிரோமணிக்கு முதல் முறையாக நம்பிக்கை வந்தது. பயனாளியே வாய் திறந்து வண்டி கேட்டுவிட்டார், இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று வாரம் கழித்து மையத்தின் முடிவு வந்தது. பயனாளி பேசும் நிலையில் இருந்ததால் போக்குவரத்து அவசரத் தேவையாகக் கருதப்படவில்லை. அதே சமயம், இச்சங்கத்தைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கைகள் மிகப் பெருகிவிட்டபடியால், அவற்றைப் பாதுகாத்து வைப்பதே சங்கத்தின் முதன்மைத் தேவை எனக் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே இரும்பு பீரோ ஒன்று வழங்கப்படுகிறது. மையத்தின் வரலாற்றில் ஒரு பொருள் வழங்கப்படுவது இதுவே முதல் தடவை.

அடுத்த வருஷத்துக் கார்த்திகை மாதம், விடாத தூறலில் பீரோ வந்தது. லாரிக்காரன் சீட்டில் தாம்பரம் என்று மட்டும் இருந்ததால் தாம்பரத்திலேயே ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டான். தோத்தாத்ரி ஜீப்பில் வந்திருந்தார். கூடவே மையத்துப் போட்டோகிராபர் ஐசக்.

"ஜீப்பில வச்சுக் கொண்டுபோயிடலாமா சார்?" என்று கேட்டார் வேதசிரோமணி.

"ஜீப் மதிப்பீட்டுக்கு மட்டும்தான். பொருள் ஏத்தினா ஆடிட்ல கேள்வி வரும்."

வேறு வழியில்லாமல் பீரோவைப் பாடையில் கட்டித் தோளில் தூக்கினார்கள். கங்கம்மாவும் ஒரு முனை பிடித்தாள். பீரோவின் கனம் எந்தப் பிணத்துக்கும் இருந்ததில்லை. துரை முனகினான்: "செத்தவன்கூட நம்ம கஷ்டத்த பாத்து இளைச்சிதான் வருவான் சார். இது இன்னாடா இது!" இரும்புலியூர் வருவதற்குள் மூங்கில்கள் மளாரென்று முறிந்தன. சேட்டு கடைக்கு எதிரே பீரோ ரோட்டில் விழுந்தது. பொன்னுரங்கம் மயிரிழையில் காலை இழுத்துக்கொண்டான்.

அவர்கள் முறிந்த மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் போலீஸ்காரர் சைக்கிளில் நனைந்துகொண்டே வந்தார். பெருங்களத்தூர் தாண்டி ஒரு கிழவர். விடியற்காலையிலிருந்து கிடக்கிறார். நாய்கள் வர ஆரம்பித்துவிட்டன.

வேதசிரோமணி தோத்தாத்ரியிடம் போனார். கையைக் கூப்பினார். "சார், ஒரே ஒரு தடவை. ஜீப்பைக் குடுங்க. நாய் வந்துடுச்சாம்."

"மிஸ்டர் வேதசிரோமணி, இப்பத்தான் நீங்க வளர்ற நேரம். இப்ப நான் உதவி செஞ்சா நீங்க எப்படி வளர்வீங்க?"

வேதசிரோமணி கூப்பிய கையை இறக்கினார். தூறல் அவர் மூக்குக்கண்ணாடியில் வழிந்தது. பிறகு திரும்பி, "சேட்டு, சுத்தியும் உளியும் எடுத்துட்டு வா" என்றார். அவர் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

சேட்டு வந்து பீரோவின் கீல்களைத் தட்டிக் கழற்றினான். ஒரு பக்கக் கதவு தனியாக வந்தது. "அது மையத்துச் சொத்து! கையெழுத்துகூட இன்னும் வாங்கலை!" என்று தோத்தாத்ரி ஜீப்பிலிருந்து கத்தினார். நால்வரும் கதவைத் தூக்கிக்கொண்டு பெருங்களத்தூரைப் பார்த்து நடந்தார்கள். நடந்தார்கள் என்பதைவிட ஓடினார்கள் என்பதே சரி.

கிழவருக்கு எழுபது வயது இருக்கும். கால் பக்கம் நாய் வாய் வைத்திருந்தது. கங்கம்மா கல்லால் அடித்து நாய்களைத் துரத்தினாள். அவரைக் கதவில் கிடத்தித் துணி மூடித் தோளில் ஏற்றி, வந்த வழியே திரும்பினார்கள். தகட்டின் விளிம்பு தோளை அறுத்தது. பின்னால் மெதுவாக, ஹார்ன் அடிக்காமல், ஜீப் தொடர்ந்தது. கதவு எங்கே போகிறது என்று பார்ப்பது தோத்தாத்ரியின் கடமை. ஐசக் முன்னும் பின்னும் ஓடிப் போட்டோ எடுத்தான்.

பிணத்துக்குப் பின்னால் ஜீப் வருவதைப் பார்த்த ஜனங்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். பெரிய இடத்துச் சாவு போலிருக்கிறது என்று சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். கடைக்காரர்கள் பலகையைப் பாதி சாத்தினார்கள். ஒரு பூக்காரி கூடையிலிருந்து ஒரு கை சாமந்தியை எடுத்துக் கிழவர் மேல் போட்டாள். ஒரு பெரியவர் ஜீப்போடு கூடவே நடந்துவந்து, தோத்தாத்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவா சார்?"

"இல்லை... நான் மதிப்பீடு..."

"அழுவாதீங்க சார். நல்ல சாவுதான். மழை பேஞ்சிகினு கீது பாருங்க."

தோத்தாத்ரி ஜீப்பின் படுதாவை இறக்கிவிட்டுக்கொண்டார்.

ஏரிக்கரையில் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பொன்னுரங்கம் சட்டியால் இறைத்தான். கிழவரை இறக்கினார்கள். வேதசிரோமணி ஜெபம் சொன்னார். கற்பூரம் நனைந்துபோய்ப் பற்றவில்லை. தோத்தாத்ரி குடை பிடித்துக்கொண்டு குழிக்கு அருகில் வந்து நின்றார். அவர் முகத்தில் உண்மையிலேயே ஒரு மலர்ச்சி இருந்தது.

"இதைத்தான் நாங்க எதிர்பார்த்தோம். யார்கிட்டயும் எதுவும் வாங்காம, கையிலே இருக்கறதை வச்சே உங்க தேவையைத் தீர்த்துக்கிட்டீங்க. உங்க சங்கத்துக்கு இனிமே எந்த ஆதரவும் தேவையில்லைன்னு இன்னிக்கே எழுதிடறேன். வாழ்த்துகள்."

கங்கம்மா ஒரு பிடி ஈர மண்ணை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கூட வந்தியே. போடு."

"என் வேலை பார்க்கறது மட்டும்தாம்மா" என்றார் தோத்தாத்ரி. ஒரு கையில் குடை, மறு கையில் மண். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

வேதசிரோமணி நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தார். "போடுங்க சார். அவருக்கு வேற யாரும் இல்லை."

தோத்தாத்ரி போட்டார். பாதி குழியில் விழுந்தது, பாதி அவர் பூட்ஸின் மேல். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதற்குப் பிறகு அவர் இரும்புலியூர்ப் பக்கம் வரவில்லை. ஒற்றைக் கதவு பீரோ ரோட்டோரத்தில் இரண்டு நாள் நனைந்து கிடந்தது. யார் எடுத்தார்களோ, மூன்றாம் நாள் இல்லை.

தை மாதம் மையத்தின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. வழவழப்பான அட்டையில் வேதசிரோமணியின் முகம். கதவின் ஒரு முனை தோளில் இருக்க, கண் மூடி, வாய் லேசாகத் திறந்திருந்தது. கீழே, 'தேவை தீர்ந்த ஒரு சங்கத்தின் நிறைவு' என்று அச்சிட்டிருந்தார்கள். அன்றும் ஒருவரை அடக்கிவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார் அவர். ஜெயசீலி அவர் தோளில் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தடவிக்கொண்டே படத்தைப் பார்த்தாள்.

"எவ்வளவு அமைதியா இருக்கீங்க இதுல. ஜெபம் பண்ணிட்டிருந்தீங்களா?"

"இல்லை ஜெயசீலி" என்றார் வேதசிரோமணி. "அப்போ தோள் வலி தாங்கல."